ஓசூர் தொழிற்பகுதியில் மிகைநேர ஊதியம்

மிகைநேர ஊதியம் என்பது சட்டம் வரையறுத்த பணிநேரத்திற்கு மேல் உழைக்கும் தொழிலாளிக்கு இருமடங்கு வீதத்தில் வழங்கப்பட வேண்டிய ஊதியம் ஆகும். பேச்சு வழக்கில் இது ஓவர்டைம் அல்லது ஓ.டி. எனப்படுகிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ள ஓசூர், கருநாடக எல்லையை ஒட்டிய தொழில் நகரமாகும். எல்லைக்கு அப்பால் அத்திப்பள்ளி, பொம்மசந்திரா முதலிய தொழிற்பகுதிகள் அமைந்துள்ளன. எந்த மாநில விதி பொருந்தும் என்பதைத் தொழிலாளியின் குடியிருப்பு அன்று, தொழிற்சாலை அமைந்துள்ள இடமே முடிவு செய்கிறது.

சட்ட அடிப்படை

தொழிற்சாலைகள் சட்டம், 1948 இன் 59 ஆம் பிரிவு, நாளொன்றுக்கு 9 மணி அல்லது வாரத்திற்கு 48 மணி நேரத்தைக் கடந்த பணிக்கு இருமடங்கு ஊதியம் விதித்தது. 2025 நவம்பர் 21 முதல் இச்சட்டத்தின் இடத்தைப் பணிசார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிநிலைமைகள் சட்டத்தொகுப்பு, 2020 பெற்றது. இதன் 27 ஆம் பிரிவும் இருமடங்கு வீதத்தையே கூறுகிறது. நாள் கணக்கு, வாரக் கணக்கு ஆகிய இரண்டில் தொழிலாளிக்கு நன்மை தருவதையே கொள்ள வேண்டும். மிகைநேரப் பணிக்குத் தொழிலாளியின் இசைவும் தேவை.

இரு மாநிலங்கள்

கருநாடகம் 2023 இல் பழைய சட்டத்தைத் திருத்தி, மூன்று மாதங்களுக்கான மிகைநேர உச்சவரம்பை உயர்த்தியது. தமிழ்நாட்டில் 12 மணிநேரப் பணிக்கு வழிவகுத்த சட்டமுன்வடிவு 2023 ஏப்ரல் 21 அன்று பேரவையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களின் எதிர்ப்பினால் அது நிறுத்தி வைக்கப்பட்டது. அதே ஆண்டு மே நாளன்று அது திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் அறிவித்தார்.

கணக்கிடும் முறை

எடுத்துக்காட்டாக, ஒருவரின் அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்து மாதம் 15,600 ரூபாய் எனக் கொள்வோம்.

நாள் ஊதியம்: 15,600 ÷ 26 = 600 ரூபாய்
மணி ஊதியம்: 600 ÷ 8 = 75 ரூபாய்
மிகைநேர வீதம்: 75 × 2 = 150 ரூபாய்
10 மணி மிகைநேரத்திற்கு: 1,500 ரூபாய்

வார விடுமுறை நீங்கிய 26 நாட்களுக்கு மாறாக 30 ஆல் வகுத்தால் இத்தொகை 1,300 ரூபாயாகக் குறையும். அடிப்படை ஊதியத்தை மட்டும் கணக்கிட்டு அகவிலைப்படியை விட்டுவிட்டாலும் இழப்பு நேரும். புதிய வரையறையில் வீட்டு வாடகைப்படி முதலியன ஊதியத்தில் சேரா. எனினும் அவ்வாறு விலக்கப்பட்டவை மொத்த வருவாயில் பாதியைக் கடந்தால், மிகுதி ஊதியமாகவே கொள்ளப்படும்.

நிலுவை கோருதல்

ஒப்பந்தத் தொழிலாளருக்கும் இவ்வுரிமை உண்டு. ஒப்பந்தக்காரர் ஊதியம் தரத் தவறினால் முதன்மை நிறுவனமே பொறுப்பாகும். ஊதியச் சட்டத்தொகுப்பு, 2019 இன்படி நிலுவைத் தொகையை 3 ஆண்டுகளுக்குள் உரிய அதிகாரியிடம் கோரலாம். வருகைப் பதிவின் படியும் ஊதியச் சீட்டும் இதற்குச் சான்றாக உதவும்.