போடிமெட்டு ஒரு நாட்டின் எல்லையாக இருந்திருந்தால்



நம் ராசிங்காபுரத்தில் நின்று மேற்கே பார்த்தால் தெரிகிற மலைக்கு அந்தப் பக்கம் ஒரு தனி நாடு உருவாகப் போகிறது என்று ஒரு காலத்தில் அறிவித்தார்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 1947 ஜூன் 11ஆம் தேதி திருவிதாங்கூர் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர், ஆங்கிலேயர் வெளியேறியதும் திருவிதாங்கூர் சுதந்திர நாடாக இருக்கும், இந்தியாவோடு சேராது என்றார். ஜூலை 30ஆம் தேதி மகாராஜா சித்திரைத் திருநாள் பலராம வர்மா இந்தியாவோடு சேரச் சம்மதம் தெரிவித்துத் தந்தி கொடுத்துவிட்டார். அந்தத் தனி நாட்டு எண்ணத்துக்கு ஐம்பது நாள் ஆயுள்கூட இல்லை.

இதைப் பற்றி மலையாளத்தில் நிறைய எழுதியிருக்கிறார்கள். ஆனால் மலைக்கு இந்தப் பக்கம் இருக்கும் நாம் இதை நம் கதையாக நினைத்ததே இல்லை. நினைத்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். அந்த எண்ணம் பலித்திருந்தால் முதலில் மாறியிருப்பது நம் பிழைப்புதான்.

இன்றைக்கு அதைக் கேட்டால் பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆனால் அன்றைக்கு அது சிரிப்பதற்கான பேச்சல்ல. 1941 மக்கள்தொகைக் கணக்கில் திருவிதாங்கூரில் 60 லட்சம் பேர் இருந்தார்கள். 1946 கணக்கில் இலங்கை முழுவதுக்கும் 66 லட்சம்தான். நீண்ட கடற்கரை இருந்தது. மிளகு, ஏலம், தேயிலை, ரப்பர் இருந்தன. கடற்கரை மணலில் தோரியம் இருந்தது. அணுகுண்டு வெடித்த மறு வருஷங்களில் அதற்கு உலகம் முழுக்கக் கண். 1936இல் ஆலயப் பிரவேசப் பிரகடனம், 1937இல் தனிப் பல்கலைக்கழகம், 1940இல் மூணாறு பக்கத்தில் பள்ளிவாசல் மின்நிலையம் என்று பல காரியங்களில் முன்னே நின்ற சமஸ்தானம் அது. 1741இல் குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்த பெருமையும் உண்டு.

நாணயம்கூடத் தனி. நம் ஒரு ரூபாய்க்கு அங்கே ஏறக்குறைய 28 சக்கரம். மலைக்குப் போய் வந்த எங்கள் வீட்டுப் பெரியவர்கள் ‘சக்கரம்’ என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். தபால் துறையில் வேலை பார்த்தவன் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவர்களுக்குத் தபாலும் தனி. ‘அஞ்சல்’ என்று பெயர். 1951இல்தான் அது இந்தியத் தபால் துறையோடு சேர்ந்தது. நாம் இன்று தபாலுக்கு அஞ்சல் என்கிறோமே, அந்தச் சொல்லை ஒரு சமஸ்தானம் தன் முத்திரையிலேயே வைத்திருந்தது.

சட்டமும் இடம் கொடுத்தது. 1947இன் இந்திய சுதந்திரச் சட்டப்படி, சமஸ்தானங்களின் மேல் பிரிட்டிஷ் முடிக்கு இருந்த மேலாதிக்கம் ஆகஸ்ட் 15 அன்று தானாகவே முடிந்துவிடும். அதன்பின் நான் யாருக்கும் கட்டுப்பட்டவன் அல்ல என்று ஒரு ராஜா சொன்னால், வாதத்துக்கு அது நிற்கும். சி.பி. பெரிய வக்கீல். வந்தவாசியில் பிறந்து சென்னையில் பேர் வாங்கியவர். பாகிஸ்தானுக்குப் பிரதிநிதியாக, ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி கான் பகதூர் அப்துல் கரீம் சாகிபை நியமிக்கும் வரை போய்விட்டார். ஜின்னாவும் வரவேற்றார்.

பிறகு ஏன் நடக்கவில்லை? மலைக்கு அந்தப் பக்கத்து ஜனங்களே அதை ஏற்கவில்லை. அதற்கு முந்தைய வருஷம், 1946 அக்டோபரில், புன்னப்புரை, வயலாரில் தொழிலாளர் கிளர்ச்சியைப் பட்டாளத்தை வைத்து அடக்கியிருந்தார்கள். திவான் கொண்டுவர நினைத்த ஆட்சிமுறையில் சட்டசபை இருக்கும், ஆனால் சட்டசபையால் திவானை அசைக்க முடியாது. அமெரிக்கன் மாடல் என்று அதற்குப் பெயர். அதை அரபிக் கடலில் எறிவோம் என்பதுதான் அன்றைய கோஷம். 1947 ஜூலை 25 அன்று திருவனந்தபுரத்தில் ஒரு சங்கீத விழாவில் கே.சி.எஸ். மணி என்ற இளைஞர் திவானை வெட்டினார். முகத்தில் காயத்தோடு அவர் பிழைத்தார். ஐந்தாம் நாள் மகாராஜாவின் சம்மதம் டெல்லிக்குப் போனது. ஆகஸ்டிலேயே சி.பி. பதவியை விட்டுப் போனார். வெட்டுக்குப் பயந்து மட்டும் மகாராஜா மனம் மாறினார் என்று நான் நினைக்கவில்லை. மவுண்ட்பேட்டன் அதற்கு முன்பே திவானை டெல்லிக்கு அழைத்துப் பேசியிருந்தார். ஆனாலும் தனி நாடு வேண்டுமா என்று யாரைக் கேட்டு முடிவு செய்தார்கள் என்ற கேள்விக்குக் கடைசி வரை பதில் இல்லை.

இதுவரை எல்லோருக்கும் தெரிந்த கதை. இனி நம் கதைக்கு வருகிறேன்.

மலை அங்கே, ஊர் இங்கே என்று நாம் பிரித்துச் சொன்னாலும் பிழைப்பு ஒன்றாகத்தான் இருந்தது. கண்ணன் தேவன் மலையில் விளைந்த தேயிலை, டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து போடிக்கு வந்துதான் ஊர் தாண்டியது. 1928இல் போடிக்கு ரயில் வந்தது. ஏலக்காய் மலையில் விளைந்தாலும் வியாபாரம் போடியில். கம்பம் பள்ளத்தாக்கின் அரிசியும் காய்கறியும் மேலே ஏறின. இதைவிடப் பெரியது ஆள் நடமாட்டம். கங்காணி கூட்டிப்போனான், லயத்தில் தங்கினார்கள், பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் இறங்கி வந்தார்கள். ‘மலைக்குப் போறேன்’ என்றுதான் நம் பெண்கள் சொல்வார்கள். வேறு நாட்டுக்குப் போவதாக ஒருவரும் சொன்னதில்லை.

மலையில் ஓடும் தண்ணீரும் அப்படித்தான். 1886 அக்டோபர் 29இல் திருவிதாங்கூர் மகாராஜாவுக்கும் இந்திய அரசுச் செயலருக்கும் நடந்த ஒப்பந்தத்தில் 8,000 ஏக்கர், ஏக்கருக்கு 5 ரூபாய் வீதம் வருஷம் 40,000 ரூபாய் வாடகைக்கு, 999 வருஷத்துக்கு விடப்பட்டது. 1895இல் பென்னிகுவிக் அணையைக் கட்டி முடித்தார். பிரிட்டிஷ் மேலாதிக்கம் போனபோதே அந்த ஒப்பந்தமும் போய்விட்டது என்று பின்னாளில் கேரளம் வாதாடியது. 2006இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இரண்டு மாநிலங்களும் ஒரே நீதிமன்றத்தின் முன் நின்றதால் நமக்கு ஒரு தீர்ப்பு கிடைத்தது. இரண்டு நாடுகளாக இருந்திருந்தால் எந்த நீதிமன்றத்துக்குப் போயிருப்போம்?

தண்ணீரை விடுங்கள், ஆட்களுக்கு என்ன ஆகியிருக்கும்? இதற்கு ஊகம் தேவையில்லை. பக்கத்திலேயே நடந்திருக்கிறது.

இதே மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலி, திருச்சிச் சீமைகளிலிருந்து, இதே மாதிரிக் கங்காணிகள் கூட்டிப்போய், இதே மாதிரி லயங்களில் தங்கித் தேயிலை பறித்தவர்கள் இலங்கையில் இருந்தார்கள். இரண்டு இடத்துக்கும் போனவர்கள் ஒரே மாதிரி ஏழைகள். மலைதான் வேறு. 1948 பிப்ரவரி 4இல் இலங்கை சுதந்திர நாடானது. அதே வருஷம் குடியுரிமைச் சட்டம் வந்தது. தகப்பனோ பாட்டனோ இலங்கையில் பிறந்ததற்குச் சான்று காட்டு என்றார்கள். லயத்தில் பிறந்தவனுக்கு எங்கே இருக்கும் பிறப்புச் சான்று? சுமார் 7 லட்சம் பேர் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்கள் ஆனார்கள். அடுத்த வருஷம் வாக்குரிமையும் போனது.

1964 அக்டோபர் 30இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று முடிவு. 1974இல் அந்த மீதியை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். மூட்டை கணக்கில் மனிதர்களைப் பங்கு போட்டார்கள் என்பதைத் தவிர இதற்கு வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து பார்க்காத இந்தியாவுக்குக் கப்பலில் வந்து, நீலகிரியில் மறுபடியும் தேயிலை பறித்தவர்கள் அவர்கள்.

இலங்கை சுதந்திரம் அடைந்தது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். அது அவர்கள் உரிமை. ஆனால் நாடு பிறந்த அன்றே ‘இந்த நாட்டார் யார்’ என்ற கேள்வியும் பிறந்துவிடுகிறது. அதற்கு எந்த மாதிரிப் பதில் சொல்கிறார்கள் என்பதை வைத்துத்தான் அந்தச் சுதந்திரத்தை மதிப்பிட வேண்டும்.

திருவிதாங்கூர் மட்டும் வேறு பதில் சொல்லியிருக்குமா? ஒரே தேசத்துக்குள் நடந்ததைப் பாருங்கள். தேவிகுளம், பீர்மேடு தமிழகத்தோடு சேர வேண்டும் என்று மார்ஷல் நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. 1954 ஆகஸ்ட் 11இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. மாநில மறுசீரமைப்புக் குழு தன் அறிக்கையில், தேவிகுளம், பீர்மேட்டில் தமிழர் எண்ணிக்கை கூடுதல் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அவர்களில் பலர் தோட்ட வேலைக்கு வந்து போகிறவர்கள் என்றது. 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகியவையும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் நம்மோடு வந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன.

அந்த வருத்தம் நம் பக்கத்துப் பெரியவர்களுக்குக் கடைசி வரை இருந்தது. எனக்கும் உண்டு. ஆனால் ஒன்றை யோசியுங்கள். வந்து போகிறவர்கள் என்ற அந்த ஒரு வார்த்தையால், மாநிலக் கோட்டில் நாம் இழந்தது இரண்டு தாலுகா. அதே வார்த்தையை ஒரு தனி நாட்டின் சட்டத்தில் எழுதியிருந்தால், மலையில் இருந்த அத்தனை பேரும் கண்டித் தோட்டத்துக்காரர்கள் மாதிரி நடுத்தெருவில் நின்றிருப்பார்கள். மறுநாளும் மலைக்குப் போய் வேலை பார்க்க முடிந்தது என்றால், அது மாநிலக் கோடாக இருந்ததால்தான்.

கோடு இறுகினால் எப்படி இருக்கும் என்று நமக்கு இரண்டு தடவை காட்டியிருக்கிறது காலம். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு தகராறில் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டுப் பாதைகள் அடைபட்டன. தோட்டத்திலிருந்து குழந்தை குட்டிகளோடு இறங்கி வந்தவர்களை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். 2020இல் கொரோனா வந்தபோது, காலையில் ஜீப்பில் போய்ச் சாயந்தரம் திரும்பும் பெண்களிடம் இ-பாஸ் கேட்டார்கள். ஏலக்காய் செடியில் பழுத்து உதிர்ந்தது. இங்கே அடுப்பு எரியவில்லை. இரண்டும் சில நாளில், சில மாதத்தில் சரியாயின. பாஸ்போர்ட்டும் விசாவும் கேட்கும் எல்லை அப்படிச் சரியாகாது.

மலைக்கு இந்தப் பக்கமும் தனி நாடு கேட்டவர்கள் உண்டு. பெரியாரும் அண்ணாவும் கேட்ட திராவிட நாட்டில் கேரளமும் சேர்த்தி. அதன்படி போடிமெட்டில் கோடே இருந்திருக்காது, வடக்கே எங்கோ ஒரு கோடு விழுந்திருக்கும். 1962 மே 1இல் மாநிலங்களவையில் அண்ணா அதை எடுத்துப் பேசினார். அந்த அக்டோபரில் சீனப் போர். 1963இல் 16ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வந்தது; தி.மு.க. அந்தக் கோரிக்கையைக் கைவிட்டது. கோரிக்கையை விட்டாலும் அதற்கான காரணங்கள் அப்படியே இருக்கின்றன என்றார் அண்ணா. மாநில உரிமைப் பேச்சாக அவை இன்றும் இருக்கின்றன. அது நியாயமான பேச்சு. டெல்லியில் அதிகாரம் குவிவதைக் கேள்வி கேட்க, கோடு போட வேண்டியதில்லை.

ஒரு பகுதி தனி நாடாவதே கூடாது என்று நான் சட்டம் பேச வரவில்லை. கேட்கிற முறை என்று ஒன்று இருக்கிறது. 2014 செப்டம்பர் 18இல் ஸ்காட்லாந்தில் ஓட்டெடுத்தார்கள். யார் பரம்பரை ஸ்காட்லாந்துக்காரர் என்று பார்க்கவில்லை. அங்கே குடியிருக்கிறவர்களுக்கு, ஐரோப்பிய யூனியன், காமன்வெல்த் நாடுகளிலிருந்து வந்து குடியிருந்தவர்கள் உட்பட, 16 வயது நிறைந்திருந்தால் ஓட்டு. 55 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். துப்பாக்கிச் சத்தம் இல்லாமல் முடிந்தது. தோட்டத்தில் வேலை பார்க்கிறவனையும் ஒரு ஆளாக எண்ணிக் கேட்பது என்றால் இப்படித்தான் இருக்கும்.

1947இல் திருவனந்தபுரத்தில் கடற்கரையைக் கணக்கிட்டார்கள், தோரியத்தைக் கணக்கிட்டார்கள், கஜானாவைக் கணக்கிட்டார்கள். லயத்தில் படுத்திருந்தவனை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. ஒரு பகுதி தனி நாடாகலாமா என்று யாராவது எங்கேயாவது பேசினால், தலைநகரில் கொடி எப்படிப் பறக்கும் என்பதைப் பிறகு பார்க்கலாம். எல்லைச் சரிவில் ஏறி இறங்கிப் பிழைப்பவர்களுக்கு என்ன பதில் வைத்திருக்கிறீர்கள் என்று முதலில் கேட்க வேண்டும். பதில் இல்லாத இடத்தில் அந்தப் பேச்சை நான் நம்ப மாட்டேன்.

நாளைக்கும் விடியற்காலையில் நம் தெருக்களில் ஜீப் நிற்கும். தூக்குவாளியோடு பெண்கள் ஏறுவார்கள். 17 கொண்டை ஊசி வளைவு தாண்டி இன்னொரு மாநிலத்தில் ஏலக்காய் எடுத்துவிட்டு இருட்டுமுன் வீடு திரும்புவார்கள். சாதாரண விஷயம்தான். அந்த ஐம்பது நாள் வேறு மாதிரி முடிந்திருந்தால் இது சாதாரணமாக இருந்திருக்காது.