விசுவாசமாக – ஒரு சொல்லும் ஒரு சமஸ்தானமும்

"விசுவாசமாக" என்பது ஒரு வினையடை. விசுவாசம் என்ற பெயர்ச்சொல்லோடு 'ஆக' சேர்ந்து உண்டானது. வடமொழியில் இச்சொல்லுக்கு நம்பிக்கை என்பதே பொருள். தமிழுக்கு வந்ததும் பொருள் கொஞ்சம் இடம் மாறிவிட்டது. நம்புகிறவனின் மனதைக் குறித்த சொல், நம்பப்படுகிறவனின் நடத்தையைக் குறிக்க ஆரம்பித்தது. கிறிஸ்தவர்களிடம் பழைய பொருள் இன்றும் இருக்கிறது. அவர்கள் கடவுளை விசுவாசிக்கிறார்கள். வேலைக்காரனோ முதலாளிக்கு விசுவாசமாக இருக்கிறான். 'ஐ' போய் 'கு' வந்திருப்பதைக் கவனிக்கவும்!

யாருக்கு என்று தெரியாமல் இந்தச் சொல்லை எடைபோட முடியாது. கறம்பக்குடி அடங்கியிருந்த புதுக்கோட்டை சமஸ்தானத்தின் சரித்திரமே இதற்கு உதாரணம்.

1750களில் திருச்சிராப்பள்ளிக் கோட்டைக்காக ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதினார்கள். தொண்டைமான் ஆங்கிலேயர் பக்கம் நின்றார். கோட்டைக்குள் இருந்தவர்களுக்கு உணவுப் பொருட்கள் அவர் நாட்டிலிருந்துதான் போயின. பின்னால் ஹைதர் அலி வந்தபோதும் அவர்கள் பக்கம் மாறவில்லை. 1799ல் பாஞ்சாலங்குறிச்சியிலிருந்து தப்பி வந்த கட்டபொம்மன், புதுக்கோட்டைச் சீமைக் காட்டில் தொண்டைமானின் ஆட்களிடம் பிடிபட்டார். அக்டோபர் 16ந் தேதி கயத்தாறில் தூக்கிலிடப்பட்டார். 1801ல் மருது சகோதரர்களுக்கு எதிரான போரிலும் புதுக்கோட்டை கம்பெனியோடுதான் இருந்தது.

கம்பெனி இதை விசுவாசம் என்றது. ஜனங்கள் காட்டிக்கொடுத்தது என்றார்கள். தொண்டைமானுக்காகப் பேசுகிறவர்கள், பிடித்துத் தரச் சொன்னது கலெக்டர் லூஷிங்டன், மறுத்திருந்தால் நாடே போயிருக்கும் என்பார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. எதிர்த்த பாளையங்கள் அழிந்தன, மிஞ்சியவை ஜமீன்களாகச் சுருங்கின, புதுக்கோட்டை மட்டும் 1948 மார்ச் 3ந் தேதி வரை தனி சமஸ்தானமாக இருந்தது. ஆனால் அப்படிப் பார்த்தால் அதற்குப் பெயர் கணக்கு. விசுவாசம் என்ற சொல் அந்தக் கணக்கையும், அதற்குள் இருந்த பயத்தையும் சேர்த்து மூடிவிடுகிறது.

கம்பெனியும் கணக்கில் குறை வைக்கவில்லை. தொண்டைமான் வெகுநாளாகக் கேட்டுவந்த கீழாநிலைக் கோட்டையையும் சீமையையும் 1803ல் கொடுத்தது. வேறு யாருக்கும் கைமாற்றக் கூடாது, குடிகளைக் கொடுமைப்படுத்தினால் திரும்ப எடுத்துக்கொள்ளப்படும், வருடத்துக்கு ஒரு யானை கப்பம் கட்ட வேண்டும் என்பவை நிபந்தனைகள். யானையை மட்டும் கம்பெனி வற்புறுத்திக் கேட்கவில்லை. 1836ல் அதையும் தள்ளுபடி செய்துவிட்டது.