தோட்டப் பிள்ளைகளும் ஆங்கிலப் புதிர்களும்

புதிரைக் காதால் கேட்டு அவிழ்ப்பதன் மூலம் ஆங்கிலம் பழகும் முறை, மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத் தோட்டப் பள்ளிகளின் வரலாற்றில் பிந்தி வந்தது. சிரம்பானை அடுத்த சுங்கை காடுட் போன்ற ரப்பர் வட்டாரங்களில் தொழிலாளர் குடியிருந்த லயத்தின் மொழி தமிழ். மேலாளரான துரையும் எழுத்தரான கிராணியும் பேசிய ஆங்கிலம் தோட்ட அலுவலகத்தைத் தாண்டவில்லை. ஏழு முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். அப்பள்ளிகள் பெரும்பாலும் தமிழ் எழுத்தும் கணக்கும் கற்பித்தன.

1956ஆம் ஆண்டின் ரசாக் கல்வி அறிக்கை மலாய் மொழியையும் ஆங்கிலத்தையும் கட்டாயப் பாடங்களாக்கியது. ஆயினும் தமிழ்ப்பள்ளிகளில் ஆங்கிலம் நெடுங்காலம் மூன்றாம் ஆண்டில்தான் தொடங்கியது. வீட்டில் காதில் விழாத மொழியைப் பிள்ளைகள் பாடநூலைப் பார்த்தெழுதியே கற்றனர். தமிழில் நிலைமை வேறு. தொல்காப்பியம் பிசி என்று குறிப்பிடும் விடுகதை, சொல்லப்பட்ட ஒவ்வொரு குறிப்பையும் மனத்தில் நிறுத்தினால்தான் அவிழும்.

கேட்ட குறிப்பை மனத்தில் நிறுத்தச் செய்யும் இதே தன்மையை ஆங்கிலக் கல்வி 1970களில் கண்டுகொண்டது. மலேசிய மேல்நிலை வகுப்புகளுக்கான 1975ஆம் ஆண்டுப் பாடத்திட்டம், இலக்கண வரிசையை விட்டு, மொழியால் செய்து முடிக்கும் பணிகளை முன்வைத்தது. 1979 முதல் 1984 வரை மொழிக் கல்வியாளர் என். எஸ். பிரபு பெங்களூரு, சென்னை, கடலூர்ப் பள்ளிகளில் நடத்திய திட்டத்தில் வரைபடம், ரயில் கால அட்டவணை, தர்க்கப் புதிர் ஆகியவையே பாடம். ஆசிரியர் ஒன்றை வகுப்போடு வாய்மொழியாக அவிழ்ப்பார். அதுபோன்ற இன்னொன்றை மாணவர் தனியே செய்வர். 1979இல் மரியன் கெடஸ், கில் ஸ்டர்ட்ரிட்ஜ் இருவரும் ஒலிநாடாவைப் பயன்படுத்தும் முறையொன்றை வெளியிட்டனர். ஒவ்வொரு குழுவும் வெவ்வேறு பதிவைக் கேட்கும். கேட்டதைப் பகிர்ந்தால்தான் விடை முழுமையாகும்.

கேட்டு அவிழ்க்கும் புதிரின் எளிய வடிவம் ஒன்று: மூன்று வீடுகளின் படம் மாணவரிடம் இருக்கும். 'சிவப்பு வீடு கோயிலை அடுத்ததல்ல', 'ஆசிரியர் நடு வீட்டில் குடியிருக்கிறார்' என்பன போன்ற குறிப்புகள் ஆங்கிலத்தில் வாசிக்கப்படும். 'அல்ல' என்பதைத் தவறவிட்டால் விடை தவறாகும். எதைக் கேட்கத் தவறினோம் என்பதை மாணவர் தாமே அறிவார்.

1983இல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த தொடக்கப்பள்ளிப் பாடத்திட்டம் கேட்டல், பேச்சு, வாசிப்பு, எழுத்து என நான்கு திறன்களையும் வலியுறுத்தியது. 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாறியபோது, கேட்டுப் புரிவது மற்றப் பாடங்களுக்கும் தேவையாயிற்று. 2011இல் வந்த பாடத்திட்டம் கேட்டலையும் பேச்சையும் தனிப் பிரிவாக்கியது. இதற்குள் ரப்பர்க் காடுகள் பலவும் குடியிருப்பாகவும் தொழிற்பேட்டையாகவும் மாறியிருந்தன.