வில்லை இறக்கி வைத்தவன்

நாற்பது வயதுக்கு மேல் கதை எழுதுகிறவனுக்கு, முதுகு என்று ஓர் அங்கம் தனக்கு இருப்பது தெரியவரும். எனக்கும் தெரிந்தது. வைத்தியர் எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "மாத்திரை இருக்கட்டும், ஆசனம் போடுங்கள்" என்றார். நாள்பட்ட இடுப்பு வலிக்கு மருந்துக்கு முன்னால் செய்து பார்க்க வேண்டியவற்றில் யோகத்தையும் அமெரிக்க வைத்தியர்களின் சங்கம் ஒன்று 2017இல் சேர்த்துவிட்டதாம். ஆறு மாதம் செய்தேன். வலி போயிற்று.

"முதுகு நன்றாக வளைகிறது, கோபந்தான் வளையவில்லை" என்றாள் என் மனைவி.

அந்தக் குத்தல் ஆறுவதற்குள் சந்தவாசலுக்குப் போக நேர்ந்தது. வேலூரிலிருந்து போளூருக்குப் போகும் சாலையில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் இருக்கிற ஊர். அங்கிருந்து மேற்கே சில மைல் போனால் படவேடு. இன்று வாழைத் தோட்டமும் கமண்டல நதியுமாகச் சாதுவாக இருக்கிறது. சம்புவராயர்களின் தலைநகர் இது என்றால் நம்புவது கஷ்டம். 14ஆம் நூற்றாண்டின் நடுவில் விஜயநகரத்துக் குமார கம்பணன் படையோடு வந்து சம்புவராயனை வென்றான். அவன் மனைவி கங்காதேவி அந்தப் போரைச் சமஸ்கிருதக் காவியமாகவே பாடிவிட்டாள்.

இப்படிக் கத்தியும் கேடயமும் மோதிய மண்ணில் ஒரு ராமர் கோயில். உள்ளே ராமன் உட்கார்ந்திருக்கிறான். கையில் வில் இல்லை, சின்முத்திரை இருக்கிறது. எதிரே அனுமன் சுவடியும் கையுமாக அமர்ந்திருக்கிறான்.

"வில் எங்கே, ஸ்வாமி?" என்று கேட்டேன்.

"காரியம் முடிஞ்சது, இறக்கி வெச்சுட்டார். இவர் யோக ராமர். நன்னா ஸேவிச்சுக்கோங்கோ" என்றார் அர்ச்சகர்.

ராமன் அனுமனுக்குச் சொல்வதாக அமைந்த முக்திகோபநிஷத்து, 108 உபநிஷத்துக்களை வரிசைப்படுத்திவிட்டு, மனசில் படிந்த வாசனைகளைத் தேய்ப்பதையும் மூச்சை அடக்குவதையும் பற்றிப் பேசுகிறது. தலைகீழாக நிற்கச் சொல்லவில்லை. பதஞ்சலியை எடுத்துக்கொண்டாலும் 195 சூத்திரங்களில் ஆசனத்துக்குக் கிடைத்தது மூன்றே மூன்று. அசையாமல், சிரமமில்லாமல் உட்காரத் தெரிந்தால் அவருக்குப் போதும். நம் திருமூலர் சொல்லும் பத்திரம், கோமுகம், பங்கயம் எல்லாமே உட்காருகிற வகைதான்.

அப்படியானால் நான் ஆறு மாதமாகச் செய்த வித்தைக்கு வயசென்ன? அதற்கு மைசூருக்குப் போக வேண்டும். 1933இல் மகாராஜா ஜகன்மோகன அரண்மனையில் திருமலை கிருஷ்ணமாச்சாரியாருக்கு ஒரு யோகசாலை வைத்துக் கொடுத்தார். வந்தவர்கள் துள்ளுகிற வயசுப் பிள்ளைகள். அவர்களுக்கேற்ப ஆசனங்களைச் சங்கிலிபோல் கோத்து, வேகமாகச் செய்ய வைத்தார் ஆச்சாரியார். ஐயங்கார், பட்டாபி ஜோய்ஸ், இந்திரா தேவி எல்லாரும் அவரிடம் கற்றவர்கள். இந்திரா தேவி ஹாலிவுட்டில் பள்ளியே திறந்துவிட்டார். உலகம் யோகம் என்று அறிந்ததில் பெரும்பகுதி அந்த அரண்மனைப் பிள்ளைகளின் பாடம்.

ஆனால் 1950க்குப் பிறகு யோகசாலை மூடிவிட, கிருஷ்ணமாச்சாரியார் சென்னைக்கு வந்தார். இங்கே தேடி வந்தவர்களோ நோயாளிகள், வயதானவர்கள், என்னைப்போல் நாற்காலியில் தேய்ந்தவர்கள். பிள்ளைகளுக்குச் சொன்னதை இவர்களுக்குச் சொல்லி என்ன பயன்? ஆளுக்குத் தக்கபடி ஆசனத்தைக் குறைத்தார். மூச்சை முன்னால் வைத்தார். இழுப்பதைவிட விடுவதை நீட்டினால் வேகஸ் என்கிற நரம்பு நெஞ்சின் துடிப்பைத் தணிக்கிறது என்று இன்று வைத்தியர்கள் விளக்குகிறார்கள். தேகத்திலிருந்து மனசுக்குப் போகிற ஒற்றையடிப் பாதை அதுதான் போலிருக்கிறது. நூறு வயசு இருந்து 1989இல் அவர் காலமானார். மைசூர்ப் பாடம் அடைந்த பெயரைச் சென்னைப் பாடம் அடையவில்லை என்பது என் வருத்தம். நானும் மைசூர்ப் பாடத்தில் பாதியோடு நின்றவன்தானே!

சந்தவாசலுக்குத் திரும்பி வந்தபோது பஸ் போய்விட்டது. அடுத்தது எப்போது என்று கேட்டேன். "வரும்" என்றார் டீக்கடைக்காரர். வழக்கமாக இந்தப் பதிலுக்கு எனக்கு ரத்தம் கொதிக்கும். பெஞ்சில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து மூச்சை எண்ணினேன். முப்பதாவது எண்ணிக்கையில் ஒரு தரம் எரிச்சல் வந்தது. மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன்.