வன்முறை வீடியோ கேமும் நம்ம ஊர் சட்டமும்

பி.காம். படித்த எல்லோருக்கும் மோஹரி பீபி வழக்கு மனப்பாடமாக இருக்கும். மைனர் செய்துகொண்ட ஒப்பந்தம் செல்லாது என்று 1903-ல் பிரிவி கவுன்சில் சொன்ன தீர்ப்பு அது. வணிகச் சட்டப் பேப்பரில் வருஷம் தவறாமல் கேட்பார்கள்! அதைப் படிக்கும்போது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. சிதம்பரத்தில் ஒரு ஒன்பதாம் வகுப்புப் பையன் வெட்டு, குத்து நிறைந்த கேம் சிடி ஒன்றை வாங்குகிறான் என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்தம் செல்லாமல் போகலாம். ஆனால் விற்ற கடைக்காரர் மேல் குற்றம் உண்டா? அதற்குத் தனியாக ஒரு சட்டம் வேண்டுமே. இருக்கிறதா என்று தேடினால், கதை வீடியோ கேமில் தொடங்கவில்லை. காமிக்ஸில் தொடங்குகிறது.

1950-களில் அமெரிக்கப் பேய்க்கதை காமிக்ஸ்களைக் கண்டு பெரியவர்கள் மிரண்டு போயிருந்தார்கள். இவை பிள்ளைகளைக் கெடுக்கின்றன என்று ஃபிரெட்ரிக் வெர்தாம் என்ற மனநல மருத்துவர் 1954-ல் ஒரு புத்தகமே எழுதினார். அதே வருஷம் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில் நூற்றுக்கணக்கான சிறுவர்கள், இரும்புப் பல் வைத்த ரத்தக் காட்டேரியைப் பிடிக்கப் போகிறோம் என்று கல்லறைத் தோட்டத்தில் கூடிவிட்டார்கள். பழி காமிக்ஸ் மேல் விழுந்தது. 1955-ல் பிரிட்டன் தடைச் சட்டம் கொண்டுவந்தது.

அடுத்த வருஷமே நம் நாடாளுமன்றமும் ஒரு சட்டம் போட்டது. இளைஞர்களுக்குத் தீங்கு விளைவிக்கும் வெளியீடுகள் பற்றிய சட்டம், 1956. வாசகங்கள் பெரும்பாலும் பிரிட்டிஷ் சட்டத்தை ஒட்டியவை. குற்றச் செயல், வன்முறை, கொடூரம், அருவருப்பு இவற்றைப் படங்களோடோ படங்கள் இல்லாமலோ கதையாகச் சொல்லி, இளைஞர் மனதைக் கெடுக்கக்கூடிய வெளியீட்டை விற்றாலும் சரி, வாடகைக்கு விட்டாலும் சரி, 6 மாதம் வரை சிறை. இளைஞர் என்றால் யார் தெரியுமா? 20 வயது நிரம்பாதவர். அதாவது கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிப்பவருக்கும் இந்தச் சட்டம் பாதுகாப்பு தந்தது :)

எனக்கு இந்தச் சட்டத்தில் பிடித்தது ஒன்று உண்டு. பிடிபடுவது படிக்கிற பையன் இல்லை, விற்கிறவர். ஆனால் அது சொல்வது புத்தகம், பத்திரிகை, துண்டுப் பிரசுரம், செய்தித்தாள் போன்றவற்றை. கீபோர்டைத் தட்டிச் சுடுகிற ஆட்டத்தை அதற்குள் இழுத்து வருவது கஷ்டம். சினிமாவுக்கு 1952-ம் வருஷச் சட்டம் இருக்கிறது, 'ஏ' படத்துக்குச் சிறுவர்களை விடக் கூடாது. கேம் இரண்டுக்கும் நடுவில் விழுந்துவிட்டது.

அமெரிக்காவில் 'மார்ட்டல் காம்பாட்' கேமை வைத்து 1993-ல் செனட் விசாரணை நடந்தது. சட்டம் வந்துவிடுமோ என்று பயந்த கம்பெனிகள் 1994-ல் தாங்களே வயது முத்திரை போட ஆரம்பித்தன. 2005-ல் கலிபோர்னியா ஒரு படி மேலே போய், 18 வயது ஆகாதவருக்கு வன்முறை கேம் விற்றால் 1,000 டாலர் வரை அபராதம் என்றது. கையெழுத்துப் போட்ட கவர்னர் யார்? திரையில் ஆயிரம் தோட்டா சுட்ட அர்னால்டு! 2011-ல் உச்ச நீதிமன்றம், கேமும் பேச்சுரிமையில் சேர்த்தி என்று 7-க்கு 2 என்ற கணக்கில் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது.

இங்கே நிலைமை வேறு. 2002-ல் வெளிவந்த 'ஜிடிஏ வைஸ் சிட்டி'யின் அட்டைப் பெட்டியில் 17 வயதுக்கு மேல் என்ற முத்திரை இருந்தது. நம் ஊருக்குத் திருட்டு சிடி பிளாஸ்டிக் உறையில் வந்தது. பெட்டி வந்தால்தானே முத்திரை வரும்!

பிறகு பப்ஜி வந்தது. 2019 மார்ச்சில் குஜராத்தின் ராஜ்கோட் காவல்துறை, 144 தடை உத்தரவு போட்டு அதைத் தடை செய்தது. விளையாடிக்கொண்டிருந்தவர்களைக் கைதும் செய்தது, அதில் கல்லூரி மாணவர்களும் உண்டு. விற்கிறவரைப் பிடித்த 1956 எங்கே, விளையாடுகிறவனைப் பிடித்த 2019 எங்கே? ஹாஸ்டல் பையனைக் கைது செய்வது எந்தப் பிள்ளையைக் காப்பாற்றியது என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

2020 செப்டம்பர் 2 அன்று மத்திய அரசு 118 செயலிகளைத் தடை செய்தபோது பப்ஜியும் போனது. ஆனால் காரணம் வன்முறை இல்லை. சீனத் தொடர்பு, நாட்டின் பாதுகாப்பு. 2021 ஜூலையில் அதே ஆட்டம் 'பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா' என்று பேர் மாற்றி வந்தபோது சிந்துகிற ரத்தம் பச்சை நிறமாகியிருந்தது! 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு ஒரு நாளைக்கு 3 மணி நேரம், 7,000 ரூபாய் வரைதான் செலவு என்றும் கட்டுப்பாடு. இத்தனையும் கம்பெனி அறிவித்த ஏற்பாடு. பாக்கெட் மணிக்கு ஒரு நாளைக்கு 7,000 என்பது எந்த ஊர்க் கணக்கோ!

தமிழ்நாட்டுச் சட்டம் வந்தது ரம்மியால். கடனில் விழுந்தவர்களின் தற்கொலைகளுக்குப் பிறகு 2022-ல் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் நிறைவேறியது. 2025-ல் வந்த விதிகள் பணம் வைத்து ஆடுவதற்கு ஆதார் சரிபார்ப்பு கேட்டன, 18 வயது ஆகாதவரை விலக்கின, நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆட்டத்தை மூடச் சொன்னன. சென்னை உயர் நீதிமன்றமும் ஜூன் 3 அன்று இவை செல்லும் என்றது. அந்த ஆகஸ்டில் நாடாளுமன்றமும் ஒரு சட்டம் நிறைவேற்றி, ஆன்லைன் ஆட்டங்களை இ-ஸ்போர்ட்ஸ், பொழுதுபோக்கு ஆட்டம், பண ஆட்டம் என்று மூன்றாகப் பிரித்தது. தடை மூன்றாவதற்குத்தான்.

பிள்ளைகளைப் பற்றிய கவலை இதில் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அளந்தது பணத்தை மட்டும். நள்ளிரவில் காசு கட்டாமல் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு தீவில் குதிக்கிற ஒன்பதாம் வகுப்புப் பையனை அந்த 12 முதல் 5 மணி விதி தொடவே இல்லை.