சிமென்ட் போர்டா, ஃபோம் போர்டா?

நம்மூர்க் குளியலறைச் சுவர் செங்கல். டைல்ஸுக்குப் பின்னால் தண்ணீர் இறங்கினால் ஓதம் காட்டும், பெயின்ட் உரியும், சுவர் நிற்கும். டொராண்டோ பக்கம் வீடு வாங்கும் தமிழருக்கு இந்த அனுபவம் கைகொடுக்காது. அங்கே பெரும்பாலான வீடுகளில் டைல்ஸுக்குப் பின்னால் இருப்பது மரச்சட்டம். ஈரம் தங்கினால் பூஞ்சணம் பிடித்து, வெளியே தெரியாமலே உளுத்துவிடும். டைல்ஸ் இடுக்கில் நிரப்பும் கிரவுட் வழியாக நீர் ஊறத்தான் செய்யும். அதனால் தடுப்பு டைல்ஸுக்குப் பின்னால் இருந்தாக வேண்டும்.

முன்பு பச்சைத்தாள் ஒட்டிய ஜிப்சம் பலகையின் மேல் டைல்ஸ் பதித்தார்கள். அமெரிக்க மாதிரிக் கட்டட விதி 2006இல் ஷவர் சுவருக்கு அதை விலக்கியது. இன்று கடைக்குப் போனால் சிமென்ட் போர்டும் ஃபோம் போர்டும்தான் பேச்சு.

சிமென்ட் போர்டு அரை அங்குலக் கனம், இரு முகத்திலும் கண்ணாடியிழை வலை. நனைந்தாலும் ஊதாது, உதிராது. ஆனால் நீரை உள்ளே விட்டுவிடும். பலரும் தவறுவது இங்கேதான்: கெடாத பலகையை, நீர் புகாத பலகை என்று நினைத்துவிடுகிறார்கள். அதன்மேல் ரெட்கார்ட் போன்ற பூச்சு வேண்டும். பூசும்போது இளஞ்சிவப்பு, காய்ந்தால் சிவப்பு. அந்தச் சிவப்பு, காய்ந்ததைச் சொல்லுமே தவிர, கனம் போதுமா என்று சொல்லாது. பலகைக்குப் பின்னால் பிளாஸ்டிக் தாளும் அடித்து, முன்னால் பூச்சும் பூசுவது கெடுதல். ஈரம் நடுவில் மாட்டிக்கொள்ளும்.

கெர்டி போர்டு போன்ற ஃபோம் போர்டில் பலகையே தடுப்பு. ஒரு கையால் தூக்கலாம், கத்தியால் வெட்டலாம். சிமென்ட் போர்டை மெஷினில் அறுக்கும்போது பறக்கும் சிலிக்கா தூசி இதில் இல்லை. விலைதான் கூடுதல். நீர் புக முக்கிய வழி மூட்டுகளும் திருகாணித் துளைகளும்தான். அவற்றை நாடா ஒட்டி மூட வேண்டும்.

தானே முதன்முறை செய்பவருக்கு நான் ஃபோம் போர்டையே சொல்வேன். அதன் பலவீனங்களை விரல்விட்டு எண்ணலாம். சிமென்ட் போர்டின் பூச்சில் விழுந்த ஊசித்துளையோ கண்ணில் படாது. பொறுமையாக இரண்டு கோட் பூசி, ஈரம் காயுமுன் கனம் அளந்து பார்க்கும் கைகாரர் கிடைத்தால் சிமென்ட் போர்டும் குறைந்ததல்ல, செலவும் மிச்சம்.

எதுவானாலும், டைல்ஸ் ஒட்டுமுன் வடிகாலை அடைத்து 24 மணி நேரம் தண்ணீர் கட்டிப் பாருங்கள். அது தரையைத்தான் சோதிக்கும். சுவரில் ஷாம்பு வைக்கும் மாடத்தின் மூலைகளை விளக்கடித்து, ஒவ்வொன்றாக, கண்ணால்தான் பார்க்க வேண்டும்.