ஒரு குல்லாயும் ஒரு புத்தகமும்

'ஆள் பாதி, ஆடை பாதி' என்பது நம்மவர் வழக்கு. இதைச் சொல்லுகிறவர்கள் ஒரு கேள்வியைக் கேட்பதில்லை. அந்த ஆடைப் பாதியை அளந்து கொடுத்தவர் யார்? இன்று இளைஞர் பலர் உடையிலும் தலைமயிரிலும் தம் உண்மையான தன்மையைத் தேடுகின்றனர். நாள்தோறும் சிறிது நேரம் ஒதுக்கித் தம்மைத் தாமே ஆராய்ந்து பார்க்கவேண்டும் என்ற அறிவுரையும் அவர்களுக்குக் கிடைக்கிறது. அறிவுரை நல்லதுதான். ஆயினும், தனிமனிதன் கண்ணாடிக்கு முன் நின்று முடித்துவிடக்கூடிய தேடலா இது? வரலாற்றைக் கேட்டுப் பார்ப்போம். அதற்கு வெகுதொலைவு செல்லவேண்டியதில்லை. திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவை அண்டிய மூதூர், தோப்பூர்ப் பகுதியே நமக்கு ஓர் உதாரணத்தைத் தருகிறது.

1659ஆம் ஆண்டு நவம்பரில் மசூலிப்பட்டினத்தருகே புயலில் பாய்மரம் இழந்த 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல், பழுதுபார்ப்பதற்காகக் கொட்டியாரக் குடாவுக்கு வந்து சேர்ந்தது. அக்காலத்தில் கண்டியை ஆண்டவன் இரண்டாம் இராஜசிங்கன். 1660இல் கப்பற்றலைவனும், அவன் மகன் றொபேட் நொக்ஸும், வேறு மாலுமிகளும் மன்னனின் ஆட்களாற் சிறைபிடிக்கப்பட்டு மலைநாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். நொக்ஸ் பிடிபட்ட இடமென மூதூரில் ஒரு புளியமரத்தைச் சுட்டும் வழக்கம் பின்னாளில் உண்டாயிற்று. அப்பொழுது அவனுக்கு வயது பத்தொன்பது. மறு ஆண்டே தந்தை காய்ச்சலால் இறந்தார். மகன் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அந்நாட்டிலேயே கழித்தான்.

கொண்டுவந்த உடைகள் கந்தலாயின. நாட்டு மக்களின் சீலையை அவன் உடுத்தான். தலைமயிரும் தாடியும் நீள வளர்ந்தன. தோற்றத்தில் ஆங்கிலேயனுக்குரியது குறைந்துகொண்டே வந்தது. எனினும் 'நான் யார்' என்பதை அவன் மறந்துவிடவில்லை. தந்தையிடமிருந்த இரண்டு சமய நூல்களை, மனப்பாடமாகும் அளவுக்குத் திரும்பத் திரும்பப் படித்தான். உணவுக்குப் பின் ஒரு நூலை எடுத்துக்கொண்டு வயல்வெளிக்குச் சென்று, மரத்தடியில் அமர்ந்து, மாலைவரை படிப்பதும் சிந்திப்பதும் அவனுடைய வழக்கமாயின.

வயிற்றுப்பாட்டுக்காக அவனும் தோழர்களும் குல்லாய் பின்னி விற்கக் கற்றுக்கொண்டனர். ஒருநாள் முதியவர் ஒருவர், போர்த்துக்கீசர் கொழும்பை இழந்த காலத்தில் தம் கைக்கு வந்த ஒரு புத்தகத்தைக் காட்டினார். அது ஆங்கில வேதாகமம். ஒரு குல்லாயைக் கொடுத்து அந்தப் புத்தகத்தை நொக்ஸ் பெற்றான். கையின் உழைப்பே மனத்தின் உணவை வாங்கிக் கொடுத்தது. உழைப்பும் சிந்தனையும் இணைந்துதான் அவனை அவனாக வைத்திருந்தன என்பதில் ஐயமில்லை.

1679ஆம் ஆண்டில் அவனும் ஸ்ரீபன் ரட்லண்ட் என்ற தோழனும் சிறு வியாபாரிகள்போல நடமாடி, அனுராதபுரத்தைக் கடந்து, ஆற்றின் வழியே அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தனர். இலண்டன் சேர்ந்தபின் 1681இல் அவனுடைய இலங்கை வரலாறு அச்சாயிற்று. தன்னை இழக்காத மனிதனின் கதையாகவே இதனைப் பலரும் போற்றுவர். நாமும் போற்றுகிறோம். ஆனால் நாம் அங்கே நின்றுவிடலாகாது.

அந்நூலிலேயே நொக்ஸ் மற்றோர் உண்மையையும் எழுதிவைத்திருக்கிறான். கண்டி நாட்டில் செல்வம் ஒருவனை உயர்ந்தவனாக்குவதில்லை, பிறப்பே உயர்ந்தவனாக்கும். அதைக் காட்டும் அடையாளம் உடை. உயர்குலத்து ஆடவர் முழங்காலுக்குக் கீழும், பெண்டிர் குதிகால்வரையும் உடுப்பர். தாழ்த்தப்பட்டோர் சீலை முழங்காலுக்குக் கீழ் இறங்கலாகாது. அவர்கள் ஆசனத்தில் அமரவும் கூடாது. அந்த மனிதனுக்கு 'உனக்குப் பிடித்தமான உடையை உடுத்து, உன்னை நீ கண்டுகொள்' என்று உபதேசித்தால் என்ன பயன்? அவனுடைய ஆடையின் நீளத்தை அவன் பிறக்குமுன்பே வேறொருவர் அளந்து வைத்துவிட்டார்.

நொக்ஸ் இதைக் கண்டான், எழுதினான். ஆயினும் இதைத் தன் விலங்கோடு இணைத்துப் பார்த்தானா? சிறைப்பட்ட நாட்டிலேயே அவன் குடியானவர்களுக்கு நெல்லை ஐம்பது வீத வட்டிக்குக் கொடுத்துப் பொருள் சேர்த்தான். விடுதலை பெற்றபின், 1680களில், கிழக்கிந்தியக் கொம்பனியின் கப்பற்றலைவனாகி, மடகாஸ்கரிலிருந்து சென்ற் ஹெலினாத் தீவுக்கு அடிமைகளைக் கொண்டுசெல்லும் தொழிலில் இறங்கினான். இருபது ஆண்டுகள் மரத்தடியில் அமர்ந்து தன் அடிமைத்தனத்தைச் சிந்தித்த மனிதன், மற்றொருவனின் அடிமைத்தனத்தைச் சரக்காகக் கண்டான். இந்தக் கொடிய முரண்பாட்டை வெறும் தனிமனிதக் குற்றமென்று ஒதுக்கிவிட முடியாது. தன்னை மட்டுமே பார்க்கும் ஆத்ம சோதனை, எத்தனை ஆண்டுகள் நடந்தாலும், ஒருவனுடைய வர்க்க நலனின் வேலியைத் தாண்டாது என்பதே இதன் பாடம்.

வேலியைத் தாண்டியவர்களையும் வரலாறு நமக்குக் காட்டுகிறது. தென்திருவிதாங்கூரில் மேலாடை அணியும் உரிமை மறுக்கப்பட்ட நாடார் பெண்கள், அடியும் அவமானமும் தாங்கி, பல பத்தாண்டுகள் போராடினர். 1859இல் அரசு மார்பை மறைக்கும் உரிமையை ஒப்புக்கொண்டது. அப்போதும் மேற்சாதிப் பெண்களைப் போல உடுத்தலாகாது என்ற நிபந்தனையை விடவில்லை. 1905இல் கொழும்பு உயர்நீதிமன்றத்தில் வழக்கறிஞர் எம். சி. அப்துல் காதர் துருக்கித் தொப்பியுடன் தோன்றியதற்குத் தடை எழுந்தபோது, அதை அவர் ஒருவரின் மனத்தாங்கலாக முஸ்லிம் மக்கள் கருதவில்லை. ஊரூராகக் கிளர்ச்சி நடந்தது. மருதானையில் பெருங்கூட்டம் கூடிற்று. ஈற்றில் தொப்பியணிந்து வழக்காடும் உரிமை கிடைத்தது. பெண்கள் தோளிலிட்ட துணியும் வழக்கறிஞர் தலையிலிட்ட தொப்பியும் அழகுக்காக மட்டும் அணியப்பட்டவை அல்ல. 'நாங்களும் மனிதர்' என்ற கூற்றை அவை உலகறியச் சொல்லின.

தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் தோப்பூர் போன்ற ஊர்களில் இந்தப் பாடம் இன்னும் கூர்மையானது. இங்கே ஒருவருடைய உடையைக் கண்டவுடனேயே அவர் இன்னார் என முடிவுகட்டும் பழக்கம் நெடுங்காலப் போரினாலும் கலவரத்தினாலும் வலுப்பெற்றது. ஒருவர் தம் விருப்பப்படி உடுப்பதற்கான உரிமையை, வேறு விதமாக உடுக்கும் அயலவர் காத்துநிற்கும் நாளில்தான் அந்த உரிமை உறுதிப்படும்.

ஆதலின் மாணவர்கள் நாட்குறிப்பு எழுதட்டும். ஆசிரியர்கள் அதை ஊக்கட்டும். ஆனால் 'இன்று நான் யாராக இருந்தேன்' என்ற கேள்வியோடு இன்னும் இரண்டு கேள்விகளும் அந்த ஏட்டில் இடம்பெறவேண்டும். நான் உடுத்த துணியை நெய்தவரும் தைத்தவரும் எவ்வாறு வாழ்கின்றனர்? என்னைப்போல் உடுக்கவும் நிமிர்ந்து உட்காரவும் இன்று யாருக்கு முடியாமற் போயிற்று? குல்லாய் பின்னிய கைகளும் புத்தகம் படித்த கண்களும் நொக்ஸிடம் இருந்தன. மற்றவனுடைய விலங்கின் ஓசையைக் கேட்கும் செவி மட்டுமே அவனிடம் இல்லாமற் போயிற்று. அந்தச் செவியைப் பெற்றவர்களே தம்மை உண்மையாக அறிந்தவர்கள் என்போம்.